வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது

பால் டம்ளருக்குள் விரலை விட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள் சுகந்தினி. பால் செம்மண் நிறமாகிவிட்டது.

"தெளிஞ்சத மட்டும் ஊத்து புள்ள," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தெரேசம்மா. "மகன் மேல உள்ள ஆசைதான் உசுர புடிச்சி வச்சிருக்கு."

பாயில் கிடந்த அம்மா மருதாயிக்கு எலும்பும் இழுப்பும்தான் மிச்சம். அரநாயக்கவில் மலை சரிந்தபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த கடைசி மகன் நிரோஷன் மண்ணுக்கு அடியில் போனவன் போனவன்தான். பிணம்கூடக் கிடைக்கவில்லை. இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு, மனசு கிடக்கிற இடத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவது தோட்டத்து வழக்கம். தம்பி யோகராஜ்தான் மழையோடு மழையாகப் போய் அந்த மண்ணை சொப்பிங் பேக்கில் கொண்டுவந்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னது சுகந்தினிக்கு மட்டும்தான் தெரியும். "கட்டின் மொக்குத் தென்ன எபா." வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது, புரையேறினால் அதோடு சரி. தம்பி அப்போது திரீவீலர் பிடிக்கப் போயிருந்தான். பிறகும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாவி, அந்த இழுப்பை இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

கரண்டியால் ஊற்றினாள். அம்மாவின் உதடு அசைந்தது.

"நிரோஷா..."

இன்னொரு கரண்டி. புரையேறியது. கண் நிலைகுத்தியது.

"மாதாவே, மகன்கிட்டயே போயிட்டா!" தெரேசம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் காயும்போது யோகராஜ் அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, நான் அரநாயக்க போகல. மண்ணு சரிஞ்சி ரோட்ட மூடிட்டாங்க. நம்ம தோட்டத்து ஸ்டோர் ரோட்டு முடக்குலதான் அள்ளுனேன்."

"அம்மா அவன் பேர சொன்னிச்சேடா."

"அதான்க்கா தாங்க முடியல. பொய் மண்ண குடுத்து கொன்னுட்டேனே!"

கொன்றது யார் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவன் பாரம் இறங்கும். அப்புறம் அக்கா முகத்தில் முழிப்பானா? அவளுக்கென்று மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான்.

"அழாதடா," என்று மட்டும் சொன்னாள்.

வெளியே தப்பு அடிக்கத் தொடங்கியது. பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள்.

"நீதானே மக. வா புள்ள, அம்மா வாயில போடு." தெரேசம்மா அவள் கையில் அரிசியைத் திணித்தாள்.

குளிப்பாட்டியும் அம்மாவின் கடைவாயில் செம்மண் கோடு போகவில்லை. சுகந்தினி குனிந்தாள். கை வாய்வரை போயிற்று. விரல்கள் விரியவில்லை.

பின்னால் நின்றவர்கள் அரிசியோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.