டீச்சர் யார் பக்கம்?

பன்னிரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. ஆனால் விலைக்கு வந்திருந்த அந்த வீட்டின் சமையலறையில் நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. இப்போதிருக்கும் வாடகை வீட்டில் கணவன் பாத்திரம் கழுவினால் இவள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். இங்கே இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நடமாடலாம்.

வீட்டைக் காட்ட வந்த ஏஜென்டை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் அந்தப் பேர் போகவில்லை.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன டீச்சர், இருக்கற வீட்டை ரெண்டு மாசத்துல காலி பண்ணணும். இந்த வீடு மனசுல ஒட்டிக்கிச்சு. எப்படியாவது புரட்டினா நாங்க அதிகபட்சம்..."

"நிறுத்துங்க!" டீச்சர் கையை உயர்த்திவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் வீட்டுக்காரரோட ஆளு. அவருக்காக வேலை செய்யறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தத் தொகை என் காதுல விழுந்தா அவர்கிட்ட சொல்லியே ஆகணும். அப்புறம் அதுக்குக் கீழ ஒரு காசு இறங்கமாட்டார். ரெண்டு மாசம்னீங்களே, அதையும் சொல்லத்தான் போறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப எனக்குன்னு யாரு?"

"உங்களுக்குன்னு ஒரு ஏஜென்டை வெச்சுக்கங்க. அவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டுங்க."

பணிமனையில் கூட வேலை பார்க்கிறவர் ஓர் ஏஜென்டைக் கைகாட்டினார். வெடவெடவென்று ஒல்லியான ஆள். எந்த வீடு என்று கேட்டதுமே பேனாவை மூடி வைத்தான்.

"முதல்லயே சொல்லிடறேன். டீச்சர் என் கூடப் பொறந்த அக்கா. வேற ஆள் பாத்துக்கறதுன்னா பாத்துக்கங்க, எனக்கு வருத்தமில்ல. நான்தான் வேணும்னா, இது தெரிஞ்சுதான் வந்தோம்னு நீங்களும் வீட்டுக்காரரும் எழுதிக் கொடுக்கணும்."

"அக்காளும் தம்பியும் சேர்ந்து நம்ம தலையில மிளகாய் அரைச்சுடுவாங்க" என்றான் கணவன். அவளுக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆனால் பேசாமல் காது கொடுத்திருந்தாலே போதும், டீச்சருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். அப்படியிருந்தும் தடுத்தாளே! அவள் எழுதிக் கொடுத்தாள், வீட்டுக்காரரும் கொடுத்தார்.

பேச்சுவார்த்தைக்கு வீட்டுக்காரர், டீச்சர், தம்பி, அவள் என நால்வரும் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். விலைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே டீச்சர் தொண்டையைச் செருமினாள்.

"பின்பக்கத்து அறைச் சுவர் மழைக்கு ஊறுது. மேல பெயின்ட் அடிச்சிருக்கு. நல்லாப் பாத்துட்டு விலை பேசுங்க."

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "நீங்க யார் பக்கம் டீச்சர்?"

"உங்க பக்கம்தான் சார். ஏன் விக்கறீங்க, எதுவரைக்கும் இறங்குவீங்க, இதெல்லாம் தலையே போனாலும் என் வாயிலேர்ந்து வராது. ஆனா சுவர் ஊறுறது ரகசியமில்ல, வீட்டோட குறை. மறைச்சு வித்தா நாளைக்கு உங்களைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. போன வாரமே சொன்னேனே, நான் சொல்லாம விக்கமாட்டேன்னு."

அதன் பிறகு பேரம் தொடங்கியது. தம்பி அக்காவை "மேடம்" என்றான். அக்கா தம்பியை "சார்" என்றாள். இவர்கள் இரண்டு மாதத்தில் தெருவில் நிற்கப்போகிறவர்கள், காத்திருக்க முடியாது என்று டீச்சர் ஈவிரக்கமில்லாமல் எடுத்து வீசினாள். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு இவ்வளவு பிகுவா என்று அவன் திருப்பி அடித்தான். தரகர் என்றால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இங்கே நடுவில் யாருமே இல்லை. தனக்காக ஒருவன் தன் சொந்த அக்காவிடமே மல்லுக்கு நிற்கிறான் என்பதைப் பார்க்கையில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. சுவரைச் சரிசெய்து தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. விலையும் அவள் பயந்த அளவுக்கு ஏறவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "சாப்டியாடா? மூஞ்சியே வாடிக் கெடக்கு."

பத்திரம் பதிவான அன்று அவளால் ஆவலை அடக்க முடியவில்லை. "இப்பவாவது சொல்லுங்க டீச்சர். அவர் இன்னும் எவ்வளவு இறங்கியிருப்பார்?"

டீச்சர் சிரித்தாள். "வீடு கைமாறிடுச்சுன்னா அவர் ரகசியம் என்னோடதாயிடுமா?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்காவது தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதும்மா. நான் கேட்டதுமில்ல, அக்கா சொன்னதுமில்ல."

மறுநாள் பணிமனையில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரு வார்த்தைகூடப் பேசிக்கலையா? சும்மா கதை விடாத."

"நான் எதிர்ல உக்காந்து பாத்தேன்" என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு மறுபடி உடம்பு சிலிர்த்தது.