ஜெயப்பிரியா ஊற்றிய உறை

வெங்கடேசன் அண்ணன் ஒரு வாய் மோர் குடித்தார். டம்ளரை மேசை மேல் வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

மகளின் காரியத்துக்கு எங்கள் கடையில் வாடகைக்கு எடுத்த அண்டா, தாம்பாளம், கரண்டிகளைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெயிலில் சுமந்து வந்த மனிதருக்கு என் வீட்டுக்காரர் அப்துல் கனி மோர் கொடுத்தது தப்பில்லை. கொடுப்பதற்கு முன் உள்ளே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"யாரு கடைஞ்சது?" என்றார் அண்ணன்.

"எங்கூட்லதான்ணே. ஏன், புளிக்குதா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சாலவாக்கம் பக்கம் ஐந்து ஏக்கர் பயிர் வைக்கிறவர், நாற்றுக் கட்டுகளை மூன்று தடவை எண்ணுகிறவர், கரண்டிகளை எண்ணிக் கொடுக்காமல் போனார். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "வெயில்ல தலை சுத்திச்சி போல" என்றார். உத்திரமேரூர் பஜாரில் இருபத்தாறு வருஷமாகப் பாத்திரம் விற்கிற ஆளுக்கு எதிரில் இருக்கிற முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. எங்கள் கடை இன்னும் ஓடுவது பாத்திரங்களின் நல்ல குணத்தால்தான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனின் நாக்கு மகளைக் கண்டுபிடித்துவிட்டது.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர். அண்ணனின் மகள் ஜெயப்பிரியா காஞ்சிபுரத்தில் எம்.ஏ. தமிழ் இரண்டாவது வருஷம் படித்தாள். படிப்பு முடிய ஒரு ஆய்வு எழுதித் தர வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் கோயில், கல்வெட்டு என்று போக, இவள் உறைந்த பாலுக்கு எந்த வீட்டில் என்ன பேர் என்று நோட்டும் பேனாவுமாகத் தெருத்தெருவாகப் போனாள். கோடி வீட்டு நாயுடு சிட்டம்மாள் தயிரைப் பெருகு என்றும், உறை மோரைத் தோடு என்றும் சொன்னார். தோடு என்றால் தெலுங்கில் துணை என்றும் அர்த்தமாம். ஆற்காட்டில் பிறந்த என் அம்மா அதை ஜாமன் என்பாள். உருதுவில் கெட்டியாகிறதை ஜம்னா என்பார்கள், அதிலிருந்து வந்தது. நான் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். "தகவலாளி: சாய்ரா, வயது 47" என்று எழுதியதைப் பார்த்து, "போலீசுக்குத் துப்பு குடுத்த மாதிரி கீதுடி, பேர அடி" என்றேன்.

"ஒறையறதுன்னா தங்கறதுன்னும் அர்த்தம்க்கா. உறைவிடம்றாங்க இல்ல?" என்றாள் ஒரு நாள் சுவரில் சாய்ந்துகொண்டு.

"அப்ப பாலுக்கு அட்வான்ஸ் எவ்ளோன்னு கேட்டு எழுதிக்கோ."

சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி. "தோய்ஞ்சாலும் பால் பாலா இல்ல. திரிஞ்சாலும் பால் பாலா இல்ல. அப்பறம் இன்னாக்கா வித்தியாசம்?"

"நாம கெடுத்தா தயிரு. அதுவா கெட்டா திரிஞ்ச பாலு."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையும் எழுதி, கீழே கோடு போட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கு வெங்காயப் பச்சடி செய்து, உறைக்குக்கூட மிச்சம் வைக்காமல் தயிரை வழித்துவிட்டேன். நாலு மணி இருக்கும், சுவருக்கு மேல் கிண்ணத்தை நீட்டினேன். விளக்கு வைத்த பிறகு அவர்கள் வீட்டில் உறை மோர் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கொடுத்தால் வீட்டில் இருக்கிறதும் கூடவே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. ஜெயப்பிரியா கிண்ணத்தை வாங்கவில்லை. தன் வீட்டுத் தயிரில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமே வந்துவிட்டாள். "உங்க கைக்கு அவசரம் ஜாஸ்திக்கா, கொதிக்கிற பால்ல ஊத்திடுவீங்க" என்று என் பாலில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் ஆறட்டும் என்றாள். மறுபடி விரலை விட்டாள். பிறகு விளிம்போரமாக உறையை ஊற்றி மூடினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜல்லி ஏற்றிவந்த டிப்பர் லாரி அவள் ஸ்கூட்டியின் மேல் ஏறியது. அந்த நேரத்துக்கு என் அடுக்களையில் தயிர் உறைந்து முடிந்திருந்தது.

செத்த வீட்டில் சமைத்தது, எடுத்து வைத்தது எதுவும் இருக்கக் கூடாது. வெங்கடேசன் அண்ணனின் அக்கா ஆண்டாளம்மாள் வந்து குடத்துத் தண்ணீர், சோறு, குழம்பு, தயிர்ச் சட்டி எல்லாவற்றையும் சுவரோரக் குழியில் கவிழ்த்தார். ஜெயப்பிரியாவின் அம்மா சுலோச்சனா அக்கா தயிர்ச் சட்டியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். ஆண்டாளம்மாள் விரல்களைப் பிரித்து வாங்கிக் கொட்டியதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜில் அதே தயிர் இருந்தது.

நானும் கொட்டியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் வெளியே எடுத்தேன். கொட்டத்தான் எடுத்தேன். ஒரு கரண்டியைப் புதுப் பாலில் ஊற்றிவிட்டேன். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் மாற்றிக் கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவள், எதையும் குப்பையில் போட மனசு வராது என்று எனக்கே ஒரு காரணம் விற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் ஊற்றுகிறேன். பாலில் என் சுண்டு விரலை விட்டுப் பார்க்கிறேன். முன்பெல்லாம் எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அடுக்களையில் இரவு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. கேட்டால் பூனை என்று எழுந்து விரட்டலாம். பால் உறைவதற்குச் சத்தமே இல்லை. காலையில் மூடியை எடுத்தால் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் வீட்டுத் தயிரின் அதே புளிப்பு, கடைசியில் நாக்கின் நுனியில் அதே இனிப்பு.

அண்ணன் வந்துபோன அன்று, விளக்கு வைத்த பிறகு சுலோச்சனா அக்கா சுவரருகே வந்தார். கையில் ஒரு சொம்பு.

"சாய்ரா, ஒறை மோரு இருந்தா கொஞ்சம் குடேன். எங்கூட்ல பால் திரிஞ்சிகினே கீது."

இந்த நேரத்தில் கேட்கிற வீடு இல்லை அது. திருவிழாச் சந்தையில் பாத்திரம் விரித்த நாளிலிருந்து எனக்கு ஒன்று தெரியும். வந்தவர் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். எது வேண்டுமோ அதன் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார், துணிக் கொடியைப் பார்த்தார், எங்கள் ஆட்டைப் பார்த்தார். அடுக்களைக் கதவைப் பார்க்கவே இல்லை.

இல்லை என்று சொல்லிவிடலாம். கடையில் வாங்கிய பாக்கெட் தயிரில் இரண்டு கரண்டி கொடுத்து அனுப்பலாம். நாக்கின் நுனிவரை வந்த பொய்யை நான் விழுங்குவது அபூர்வம்.

"கீதுக்கா. அவ ஊத்தினதுதான். கொட்டல."

அக்கா சொம்பைச் சுவர் மேல் வைத்தார். அதில் பால் இருந்தது. உறை கேட்க வருகிறவர் யாரும் பால் கொண்டுவருவதில்லை.

"எங்க நாத்தனா இன்னும் வூட்லதான் கீறாங்க" என்றார். "இட்டுனு போனா கொட்டிடுவாங்க."

மோரை இட்டுனு போவது என்று யாரும் சொல்வதில்லை. ஆளை அழைத்துப் போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் திருத்தவில்லை.

"அப்ப உள்ள வாங்க."

சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார். இருபது வருஷத்தில் எங்கள் அடுக்களைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் பாலைக் காய்ச்சினேன். இரண்டு பேரும் அது ஆறுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்லிசாக ஆடை படிந்தது.

"கரண்டியால பாப்பாளா, கையாலயா?"

"வெரலாலக்கா. சுண்டு வெரலு."

"என்கிட்ட திட்டு வாங்குவா அதுக்கு. நகத்துல அழுக்கு கீதுடின்னு." அக்கா தன் கையைப் பார்த்தார். குழாயடியில் போய்க் கழுவிவிட்டு வந்தார். சுண்டு விரலை ஆடையின் நடுவில் விட்டார். எடுக்கவில்லை. பால் சுடாத பதத்தில்தான் இருந்தது. 

"போதும்க்கா. ஆறிடப் போவுது."

எடுத்தார். விரலைப் புடவையில் துடைக்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கரண்டி எடுத்து விளிம்போரமாக ஊற்றினேன்.

"இங்கியே இருக்கட்டும்" என்றார். "நான் தெனம் பால் கொண்ணாறேன். நீ நிறுத்திடாத."

எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. எந்த வியாபாரத்திலும் முதலில் கேட்கிற கேள்வி அது. அக்கா காலிச் சொம்போடு போனார். அந்தப் பக்கம் ஆண்டாளம்மாளின் குரல் கேட்டது. "வெளக்கு வெச்சப்பறம் எங்க போன?" 

மூடி போட்டேன். நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து எடுத்துப் பார்த்தேன். நடுவில் அக்காவின் விரல் போன வட்டம் இன்னும் மூடாமல் இருந்தது. விளிம்போரம் நான் ஊற்றிய கோடு. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு வட்டம், அக்காவுடையதைவிடச் சின்னது. கரண்டி பட்டிருக்கும். அன்று நான் பாலில் விரல் விடவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி, எது முதலில் மூடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.