தரகர் இருக்கும் டப்பா

அப்பா மறுபடியும் கலக்கத் தொடங்கினார். கிண்ணத்தில் எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், கோர்ட்டுக்கு வந்த பங்காளிகளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. விடியற்காலையில் கண்மூடிய அம்மா கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தாள். கொண்டுபோகும் வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

“ஏண்டா, பொண்டாட்டி அங்க கிடக்கா, நீ அடுப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிற,” என்றாள் அப்பாவின் அக்கா. “மருந்துக்கடையில ஒரு ட்யூப் வாங்கித் தடவினா ஆச்சு.”

“கடை க்ரீமைத் தடவினா எழுந்து வந்து அடிப்பா,” என்றார் அப்பா.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் அம்மா சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்: “வெடிச்ச காலோட என்னை அனுப்பிடாதீங்க. ஊருக்கே க்ரீம் காய்ச்சினவ காலைப் பாருன்னு சிரிப்பாங்க.”

சிரிக்கத்தான் செய்வார்கள். அம்மாவின் க்ரீமால் எதிர்வீட்டுக் கொத்தனாரின் உள்ளங்கை குழந்தையின் கன்னம்போல் ஆகி, கரண்டி வழுக்கி வழுக்கி விழுந்து அவருக்கு வேலையே போகப் பார்த்தது. தையல்காரியின் முழங்கையில் உட்கார்ந்த ஈ சறுக்கிக் கீழே விழும். அம்மாவின் குதிகாலில் மட்டும் தபால்பெட்டி வாய்போலக் கடிதமே போடலாம், அப்படி ஒரு பிளவு. கிண்ணத்தின் கடைசி வழிப்புகூட அடுத்தவர் டப்பாவுக்குப் போய்விடும்.

அலமாரியில் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளை மணிகள். ஒன்று வெளுத்த தேன்மெழுகு. கெட்டிப்படுத்துமே தவிரச் சேர்த்துவைக்காது. மற்றது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் மெழுகு. அம்மா அதைத் ‘தரகர்’ என்பாள். பெயர் எழுதி ஒட்டச் சொன்னால், “எனக்குத் தெரியுது, போதாதா?” என்பாள்.

“எதுப்பா தரகர்?”

“இத்தனை வருஷம் ரயில் ஓட்டினேன், ஒரு சிக்னல் தப்பா பார்த்ததில்ல,” என்றார் அப்பா, அடுப்பைப் பார்த்தபடி. “இது தெரியலம்மா.”

மகள் இரண்டு டம்ளர்களில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பாவின் மணிகளைப் போட்டுக் கலக்கினாள். முதலாவதில் மெழுகு உருகி எண்ணெய்க் கண்களாக மேலே மிதந்தது. இரண்டாவதில் தண்ணீர் மெல்லக் கலங்கிப் பாலானது.

“இவர்தான். அப்பா, தண்ணியையும் சூடு பண்ணுங்க. பச்சைத் தண்ணிய ஊத்தினா சம்பந்தம் முறிஞ்சிடும்னு அம்மா சொல்லும்.”

தரகர் கரைந்த பாதாம் எண்ணெயில் அப்பா சுடுநீரை நூலாக ஊற்ற, மகள் கலக்கினாள். ஊற்றிய இடத்திலேயே வெள்ளை பிறந்தது. மஞ்சள் எண்ணெயிலும் இல்லாத, நிறமற்ற தண்ணீரிலும் இல்லாத வெள்ளை. அது சுழன்று சுழன்று பரவி, ஆற ஆறத் தடித்து, கரண்டியின் தடத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கும் அத்தை வாயை மூடி, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இதையா அவ தினமும் பார்த்தா,” என்றார் அப்பா.

வண்டி வந்து நின்றது. அப்பா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு குதிகால்களிலும் பிளவு பிளவாகத் தடவினார்.

“போலாமாடா?” என்றாள் அத்தை, மெதுவாக.

“அஞ்சு நிமிஷம் பொறு. தோல் குடிக்கணும்.”

யாருக்குக் கொடுத்தாலும் அம்மா சொல்வது அது. வண்டிக்காரர் வாசலில் தொண்டையைச் செருமப் போய், விட்டுவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிளவுகளில் வெள்ளை அப்படியே நின்றது. அப்பாவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது மட்டும் எப்போதோ காணாமல் போயிருந்தது.