தலைகீழாகத் தொங்கிய அட்டை

பழைய ராணுவச் சாமான் சேகரிக்கும் எங்கள் சங்கத்தில் கதை சொல்லக் கூடாது. பழைய துப்பாக்கி உறை, தோள்வார், தோட்டாப் பை என்று எதை அசலா போலியா என்ற தீர்ப்புக்குக் கொண்டுவந்தாலும் சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். போலிச் சரக்கு எப்போதும் நல்ல கதையோடுதான் வரும் என்பதால் வைத்த விதி. வைத்தது நான்தான். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அது 1996 பிப்ரவரி. ஒஹையோவில் எங்கள் மாவட்டச் சந்தைத் திடலின் மாட்டுக் கொட்டகையில் கண்காட்சி. ஓரின் ஹாஸ்கெல் என் எதிரே கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வருடமாக ஒரே மேஜையில் கடை போடுகிறவன். காலையில் அவன் விற்ற பொருள் எங்கள் நடுவே கிடந்தது. பாராசூட் வீரர்கள் குதிக்கும்போது சின்னத் துப்பாக்கியைச் செருகித் தொடையோடு கட்டிக்கொண்ட கான்வாஸ் உறை. அசல் என்றால் ஆயிரத்து ஐந்நூறு டாலர் போகும். போலி என்றால் நாற்பது.

வாங்கியவர் கர்ட் டிரீசன், டேட்டன் நகரப் பல் வைத்தியர். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து தீர்ப்புக் கேட்டிருந்தார்.

போலி என்று நான் சொல்லிவிட்டால் ஓரினின் உறுப்பினர் அட்டையை வாசல் பலகையில் தலைகீழாகக் குத்துவார்கள். மேஜை போய்விடும், ஆயுசுக்கும். தீர்ப்புக் குழுவில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கண் மங்கிப் பல காலம் ஆகிறது. நான் தலையாட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள்.

பலகையில் ஏற்கெனவே ஒரு அட்டை அப்படித் தொங்கிக்கொண்டிருந்தது. எவரெட் கைம்ஸ். போன வருடம் இதே மாதம், இதே மாதிரி உறை, இதே மேஜை, இதே நான்.

உள்முத்திரையின் மை சரி. பித்தளைப் பொத்தான் சரி. துப்பாக்கியின் பிடி உரசித் தேய்ந்த இடமும் தேய வேண்டிய இடத்தில்தான் தேய்ந்திருந்தது. அப்புறம் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு என் புறஊதா விளக்கைப் போட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் துணியிலும் நூலிலும் வெள்ளையைத் தூக்கிக் காட்டும் மருந்தைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த மருந்து இந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும். பழைய பருத்தி மின்னாது.

உறை முழுக்க நீலமாக மின்னியது.

ஓரினும் நானும் இருபது வருடம் ஒன்றாக மான் வேட்டைக்குப் போனவர்கள். துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"என்ன வெர்லின், உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றார் டிரீசன். "என் விளக்குலயும் மின்னுச்சு. பட்டுனு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் வெளியே வந்து வாயைத் திறக்கப் போனேன்.

"மின்னத்தான் செய்யும்," என்றாள் ஓரினின் மனைவி நடீன். பக்கத்து மேஜையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தவில்லை. "செவ்வாக்கிழமை நான்தான் அதை பிரஷ்ஷும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்ச்சேன்."

ஓரின் முகம் வெளுத்துப்போனது. "நடீன், துவைச்சியா?"

"எலி மூத்திர நாத்தம். அதை மேஜைல வச்சா எவன் கிட்ட வருவான்?"

எங்களில் யாரும் எதையும் துவைக்க மாட்டோம். ஐம்பது வருட அழுக்குக்குத்தான் விலை. பெற்ற பிள்ளையை வேண்டுமானால் குளிப்பாட்டாமல் விடுவோம், அழுக்கான உறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட மாட்டோம். அதனாலேயே இத்தனை வருடத்தில் சோப்பு என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. சோப்புத்தூளில் சட்டையை வெளுத்துக் காட்டும் மருந்தும் அதேதான். என் சட்டைகளை ஒருநாளாவது நானே துவைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

"கதை சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு," என்றார் டிரீசன்.

"விதி உங்க சங்கத்துக்கு. பொம்பளைங்களச் சேக்க மாட்டோம்னு சொன்னதும் உங்க சங்கம்தான். நான் எனக்குத் தோணினதைப் பேசுவேன்."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடத்து வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எவரெட்டின் உறையில் எலுமிச்சை சோப்பு மணத்தது. அன்றைக்கே முகர்ந்தேன். 'போலிக்காரன் இப்பல்லாம் வாசனை போட்டு அனுப்புறான்' என்று கிண்டல் வேறு அடித்தேன். எவரெட் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். கதை வேண்டாம் எவரெட் என்று நான் அவன் வாயை அடைத்தேன்.

ஓரின் தப்பித்தால் எவரெட்டும் தப்பிக்க வேண்டும். அப்படியென்றால் என் விளக்கும் விதியும் நானும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷனை வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறோம். இப்போது போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நடீனை யாரும் நம்பப்போவதில்லை, பெண்டாட்டி புருஷனுக்குப் பரிந்து பேசாமல் என்ன செய்வாள் என்பார்கள். என் பெயர் அப்படியே இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

ஓரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விதிப்படி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, மடையன்.

"நடீன், உள்பக்கம் தேய்ச்சியா?" என்றேன்.

"மேல மட்டும்தான். தண்ணி வழிஞ்சிருக்கும்."

"அடிப்பக்க மடிப்புக்குள்ள பிரஷ் போயிருக்காது. ஓரின், நாலு தையல் பிரிக்கணும். பிரிச்சா முன்னூறு டாலர் குறையும்."

"பிரி," என்றான்.

கத்தியை எடுத்தேன். பழைய தையலை அறுப்பது எங்களுக்குக் கொலை மாதிரி. நாலு தையலை அறுத்து, இரண்டாக மடித்த ஓரத்தை விரித்து, டிரீசனையும் துணிக்குள் இழுத்துக்கொண்டு விளக்கைப் போட்டேன். வெளியே நீலம். மடிப்புக்குள்ளே துணியும் நூலும் மின்னாமல் இருண்டு கிடந்தன.

டிரீசன் நெடுநேரம் பார்த்தார். "அசல்தான்," என்று முணுமுணுத்தார்.

"அசல்," என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஓரின் எழுந்து போய் நடீனின் தோளில் கை வைத்தான். அவள் பின்னல் கண்ணி எண்ணுவதை நிறுத்தவில்லை.

நான் நேராக வாசலுக்குப் போய் எவரெட்டின் அட்டையைப் பிடுங்கினேன். அலுவலக அறையில் தொலைபேசி இருந்தது.

"எவரெட், நான் வெர்லின்."

"சொல்லு."

"போன வருஷம் அந்த உறையைத் துவைச்சியா?"

"என் மக துவைச்சா. கண்காட்சிக்குப் போகுதுன்னு. அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்."

"அது அசல் எவரெட். தப்பு என்னோடது. எடுத்துட்டு வா, எல்லார் முன்னாடியும் சொல்றேன். உன் மேஜை உனக்குத்தான்."

"அது இப்ப இல்ல."

"வித்துட்டியா?"

"அன்னைக்கு சாயங்காலமே குப்பை எரிக்கிற பீப்பாய்ல போட்டுட்டேன்." அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "பிரான்ஸ்ல குதிச்சப்ப கட்டியிருந்ததுன்னு சொல்லித்தான் எங்கண்ணன் ராய் எனக்குக் கொடுத்தான். நீ போலின்னே. உனக்குத் தெரியாததா? சாகுற வரைக்கும் அவன் எங்கிட்டப் பொய் சொல்லிருக்கான்னு நெனச்சேன். போன மே மாசம் போர்வீரர் நினைவு நாளன்னைக்கு அவன் கல்லறைக்குப் பூ வைக்கக்கூடப் போகல."

"ராய் குதிச்ச கதையை முழுசாச் சொல்லு எவரெட். நான் கேக்குறேன்."

"இப்ப எதுக்கு வெர்லின்? உங்க சங்கத்துலதான் கதை சொல்லக் கூடாதே," என்று சொல்லிவிட்டு எவரெட் தொலைபேசியை வைத்துவிட்டான்.