கமலாம்பிகையின் சின்னவிரல்

2009 ஒக்ரோபர் 15, வியாழக்கிழமை, தென்மேற்கு லண்டனின் மோர்டனில் ஒரு வட்டாரத்துக்குக் கவுன்சில் இடைத்தேர்தல் நடந்தது.

அந்த வட்டாரத்தின் ஒரு தெருவில் தமிழ் வீடுகள் பதினொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்தவர்கள், லேபர் ஆட்சியில் விசா கிடைத்ததை மறக்காமல், அந்தக் கட்சிக்கே போடுவார்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர்கள் வரியை நினைத்துக் கொன்சர்வேற்றிவ் பக்கம் சாய்வார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் போடுவதே இல்லை. இதெல்லாம் பலசரக்குக் கடைக்காரர் செல்வரத்தினத்துக்கு மனப்பாடம். லேபர்காரர் யாரும் கடைக்கு வந்தால், தன் வீட்டு வாக்குகளைத் தேத்தண்ணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

சொன்னபடி நடக்கவும் செய்யும். தபால் வாக்குச்சீட்டுகள் வந்ததும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, எல்லாவற்றிலும் அவரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுவார். மனைவி கமலாம்பிகையும் மகள் கோசிகாவும் கையெழுத்து மட்டும் வைப்பார்கள்.

இந்த முறை கமலாம்பிகைக்கு ஒரு வேட்பாளரைப் பிடித்துப்போயிற்று. லிபரல் டெமோகிராட் பெண் ஒருத்தி, பச்சைக் கோட்டோடு மழைக்குள் வந்தவள், சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். ஸ்டேசனுக்குப் போகும் ஒழுங்கையில் விளக்கு எரியாததைப் பற்றி, விடிய முன் வேலைக்குப் போகிற கமலாம்பிகை சொன்னதை நின்று கேட்டாள். அடுத்த நாளே கமலாம்பிகை கவுன்சிலுக்குக் கடிதம் எழுதித் தன் தபால் வாக்கை நிறுத்திவிட்டாள். ஒருதரமாவது தன் கையால் போட வேண்டும்.

செல்வரத்தினம் சத்தம் போடவில்லை, சிரித்தார்.

"உமக்கு அங்கை என்ன செய்யிறதெண்டு தெரியுமே? நானும் வாறன். என்ரை தபால் வாக்குக் கவரையும் அங்கையே குடுக்கலாம். முதல்லை சின்னவிரலிலை மை பூசுவினம், சீலையிலை துடைச்சுப்போடாதையும். பிறகு நான் பக்கத்திலை நிண்டு காட்டுறன்."

பக்கத்தில் நின்றால் பேனை அவர் கைக்குப் போய்விடும் என்று கமலாம்பிகைக்குத் தெரியும்.

வாக்குச்சாவடி தேவாலய மண்டபத்தில் இருந்தது. வரிசையில் அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் வீட்டு பெர்னடெற். மேசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் பெயரைக் கோடிட்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினார். கமலாம்பிகை சீட்டை வாங்காமல் இடக்கைச் சின்னவிரலை நீட்டினாள். கிழவர் விரலைப் பார்த்தார். காயம் ஏதுமா என்று கேட்டார்.

"இங்க், இங்க்!" என்றார் செல்வரத்தினம் பின்னாலிருந்து.

கிழவர் தலையாட்டிவிட்டுத் தன் சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்து அவள் விரல்களுக்கிடையில் வைத்தார்.

பெர்னடெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணை, மை பூசுறது ஊரிலை. இஞ்சை பூசுறேல்லை. நீங்கள் இதுக்குள்ளை ஒரு நாளும் வந்ததில்லையோ?"

செல்வரத்தினம் காதுவரை சிவந்தார். வந்ததில்லைத்தான். லண்டனில் அவர் போட்ட வாக்கெல்லாம் சாப்பாட்டு மேசையில் போட்டது.

கமலாம்பிகை திரும்பி அவரைப் பார்த்தாள். அதுவரை இருந்த பயம் போய்விட்டது. இந்த மனிசனுக்கும் தெரியாது.

அவள் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போக, பழக்க தோசத்தில் அவரும் ஓரடி வைத்தார். "ஒவ்வொருவராக, சேர்," என்றார் கிழவர். செல்வரத்தினம் தன் கவரைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

அவள் மூன்று பெயர்களையும் ஆறுதலாக வாசித்தாள். பச்சைக் கோட்டுக்காரியின் பெயருக்கு எதிரே புள்ளடியைப் போட்டாள். கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "இஞ்சாரும், ஆருக்குப் போட்டனீர்?"

"அது சொல்லேலாது. இரகசியம்."

"எனக்குமோ?"

"மை பூசுவினம் எண்டு சொன்ன ஆளுக்கோ? உங்களுக்குச் சொல்லவே ஏலாது."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழியில் பேக்கரியில் இரண்டு பணிஸ் வாங்கினார், நடந்துகொண்டே தின்றார்கள்.

லேபர் வேட்பாளர் வென்றார். பச்சைக் கோட்டுக்காரி மூன்றாவதாக வந்தாள். அடுத்த மே மாதப் பொதுத்தேர்தலுக்கு அந்த வீட்டுக்குச் செல்வரத்தினத்தின் பெயரில் ஒரேயொரு தபால் வாக்குச்சீட்டு வந்தது. கமலாம்பிகையும் கோசிகாவும் தேவாலய மண்டபத்துக்கு நடந்துபோய் வாக்களித்தார்கள்.