கேட்காமல் அடித்த கோல்

பயிற்றுநர் வீரகத்தி சேரிடம் பதினான்கு இலக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டமுறை. மூன்று என்றால் இடது ஓரத்தால் ஓடிக் குறுக்கே அடிக்க வேண்டும். ஏழு என்றால் நடுவில் நிற்பவள் பந்தை வாங்கித் திரும்பி வலப்பக்கம் நீளமாகப் போட வேண்டும். சேர் கோட்டுக்கு வெளியே நின்று இலக்கத்தைக் கத்துவார். உள்ளே நிற்கும் பிள்ளைகள் அதைச் செய்வார்கள். கிளிநொச்சியில் இருந்த அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி நான்கு வருடங்களாக இப்படித்தான் விளையாடியது.

பிரஷாந்தினி அந்த அணியின் துணைப் பயிற்றுநர். முன்களத்துக்கு அவள் பொறுப்பு என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. ஆனால் கூம்புகளை அடுக்குவதும், போத்தல்களில் தண்ணீர் நிரப்புவதும், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இலக்கங்களைப் பாடமாக்குவிப்பதும்தான் அவளுடைய வேலையாக இருந்தது.

சேரை அவளால் வெறுக்க முடியவில்லை. பெண்பிள்ளைகளை விளையாட விடச் சொல்லி வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பனோடு கதைத்தவர் அவர். மழைக்குச் சேறாகிப் போகும் மைதானத்தில் தானே மண்வெட்டி பிடித்து வாய்க்கால் வெட்டியவர். அந்த அணி அவருடைய வியர்வை. அதனால்தான் அதில் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்கக்கூடாது என்று நினைத்தார்.

யதுர்ஷிகா கொக்கிளாயிலிருந்து வந்தவள். அண்ணன்மாரோடு கடற்கரை மணலில் விளையாடிப் பழகியவள். காலில் பந்து இருந்தால் அவள் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. வந்த மூன்றாம் கிழமை நடந்த ஒரு போட்டியில் சேர் "மூண்டு" என்று கத்த, அவள் மூன்றைச் செய்யாமல் இரண்டு பேருக்கு நடுவால் நுழைந்து, குதிக்காலால் பந்தைத் தட்டித் திருப்பிக் கோல் அடித்தாள். மைதானமே எழும்பிக் கைதட்டியது. சேர் அவளை வெளியில் எடுத்தார். அடுத்த இரண்டு போட்டிகளிலும் அவளை இறக்கவில்லை.

"கோல் அடிச்சதுக்கா சேர்?" என்று பிரஷாந்தினி கேட்டாள். அவருடைய முடிவை அவள் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

"கோல் அடிச்சதுக்கு இல்லை, பிள்ளை. கேக்காமல் அடிச்சதுக்கு. இண்டைக்கு ஒருத்தி, நாளைக்குப் பதினொருத்தி. பிறகு நான் என்னத்துக்கு?"

அவள் கூம்புகளைப் பொறுக்கப் போனாள். அன்று அவரை மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னர் பல தடவைகள் நினைத்தாள். யதுர்ஷிகா அதன்பின் இலக்கங்களைப் பிழையில்லாமல் செய்தாள். பந்து காலுக்கு வந்ததும் அவளுடைய முகம் எதிராளியைப் பார்க்காது. கோட்டுக்கு வெளியே, சேரின் வாயைப் பார்க்கும்.

இந்த வருடம் இறுதிப் போட்டி வவுனியாவில் நடந்தது. முந்திய இரண்டு வருடங்களும் இறுதிப் போட்டியில் தோற்றிருந்தார்கள். இம்முறையும் கிண்ணம் இல்லாவிட்டால் பெண்கள் அணியை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று கல்லூரி அதிபர் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் ஒருவரும் பாட்டுப் படிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் பிரஷாந்தினிக்கு அது விளங்கியது. சேர் "ஏழு" என்று கத்திய கணமே எதிரணியின் பின்களத்தில் நின்ற உயரமான பிள்ளை, "வலம்! வலம்!" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் வலப்பக்கம் ஓடினார்கள். யதுர்ஷிகா போட்ட பந்து அவர்களுடைய காலில் போய் விழுந்தது. அடுத்து "மூண்டு". அந்தப் பிள்ளை "இடம்!" என்றாள்.

"சேர், எங்கட இலக்கம் அவையளுக்கு விளங்குது. எங்கட பழைய ஆட்டத்தையெல்லாம் பாத்துப் படிச்சிருக்கினம்."

"விளங்கட்டும். ஒழுங்காச் செய்தால் தெரிஞ்சாலும் மறிக்கேலாது."

"கொஞ்ச நேரம் பிள்ளையளை அவையின்ர பாட்டில விட்டுப் பாப்பம் சேர். யதுர்ஷிகாவுக்கு ஏலும்."

"நீர் பேசாமல் இரும்."

இடைவேளைக்கு முன் எதிரணியிடம் ஒரு கோல் வாங்கினார்கள். இடைவேளையில் சேர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, இலக்கங்களை இன்னும் சத்தமாகக் கத்தப்போவதாகச் சொன்னார். ஒரு பிள்ளை குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். யதுர்ஷிகா தண்ணீரைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் சேர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே போய்க் கத்தினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சேர் நிற்கவில்லை. இரண்டாவது மஞ்சள், பிறகு சிவப்பு. இரண்டு பேர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கம்பி வேலிக்கு வெளியே விட்டார்கள். சற்று நேரத்தில் பிரஷாந்தினியின் கைத்தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே கத்தும். இப்ப அஞ்சு."

அவள் வேலியைப் பார்த்தாள். சேர் தொலைபேசியைக் காதில் அழுத்தியபடி, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் பேயறைந்ததுபோல் வெளிறியிருந்தது. அவரை அப்படி அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"இல்லை சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவள் தொலைபேசியை நிறுத்திப் பையில் போட்டாள். பிறகு கோட்டுக்குப் போய் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்: "பிள்ளையள், இனி இலக்கம் இல்லை! உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி விளையாடுங்கோ!"

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. இனிப் பிள்ளைகள் பறப்பார்கள் என்று நினைத்தாள்.

ஒருவரும் பறக்கவில்லை. பந்து வந்தவள் அதை மிதித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவள், "எனக்கு வேண்டாம், அவளுக்குக் குடு" என்றாள். இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மோதி விழுந்தார்கள். கோல் காப்பவள் பந்தை யாருக்கு எறிவது என்று தெரியாமல் அணைத்து வைத்துக்கொண்டு நடுவரிடம் பேச்சு வாங்கினாள். அந்தக் குழப்பத்தில் எதிரணி இரண்டாவது கோலையும் அடித்தது.

"அக்கா, இலக்கம் சொல்லுங்கோ!" பின்களத்தில் நின்ற நிரோஜா அழுகிற குரலில் கத்தினாள். "ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ!"

யதுர்ஷிகா கோட்டுக்குக் கிட்ட வந்தாள். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வடிந்தன. "என்ன செய்யிறது அக்கா?"

"உனக்கு என்ன தோணுதோ அதைச் செய், யதுர்ஷி. கொக்கிளாயில விளையாடின மாதிரி."

"எனக்கு ஒண்டும் தோணேல்லை அக்கா. தலைக்குள்ள ஒண்டும் இல்லை."

இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. பிரஷாந்தினி ஒன்று, இரண்டு என்று நிமிடங்களை எண்ணிக்கொண்டு நின்றாள். பேசாமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நாங்கள் ஒரு கோல், ஒன்றே ஒன்று அடித்தால் போதும், பிறகு தெம்பு வந்துவிடும். பந்து யதுர்ஷிகாவின் காலுக்கு வந்தது. யதுர்ஷிகா நிமிர்ந்தாள்.

பிரஷாந்தினி கத்தினாள்: "ஏழு! யதுர்ஷி, ஏழு!"

எதிரணிப் பிள்ளைகள் வலப்பக்கம் பாய்ந்தார்கள். யதுர்ஷிகா திரும்பி வலப்பக்கம் நீளமாகப் போட்டாள். பந்தை மறித்தவர்கள் நான்கே உதையில் அதை மற்றப் பக்கம் கொண்டுபோய் மூன்றாவது கோலை அடித்தார்கள். அத்தோடு ஆட்டம் முடிந்த மாதிரித்தான். மிச்ச நேரம் பிள்ளைகள் மைதானத்தில் நடந்து திரிந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் ஓமந்தையைத் தாண்டியது. பிரஷாந்தினி பின் இருக்கையில் யதுர்ஷிகாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்தப் பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"கடைசியா அந்தப் பந்து வந்தது அக்கா, அப்ப இடப்பக்கம் மறிக்க ஆளில்லாமல் வெளியாக் கிடந்தது. எங்கட கஜனி தனிய நிண்டவள். நான் கண்டனான்."

"கண்டனியா?"

"ஓம். கன நாளைக்குப் பிறகு கண்டனான். போடப் போனனான்."

"பிறகு ஏன் போடேல்லை?"

யதுர்ஷிகா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்கள் ஏழு எண்டு சொன்னீங்கள்."

பிரஷாந்தினி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். அது குளிர்ந்து கிடந்தது.

மாங்குளத்துக்குக் கிட்ட அவள் எழும்பி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போனாள். சேர் சாரதிக்குப் பின்னால் தனியே இருந்தார். நாளைக்கு அதிபரிடம் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். துணைப் பயிற்றுநர் சொல்லுக் கேட்கவில்லை, அதனால் தோற்றோம். அதை மறுக்கவும் அவளுக்கு இப்போது மனம் இல்லை.

"சேர், போனை நிப்பாட்டினது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் கடைசி கோலுக்கு நான்தான் காரணம். நானும் கத்தினனான்."

"கேட்டனான்," என்றார் அவர், பார்வையைத் தெருவிலிருந்து எடுக்காமல். "வேலிக்கு அங்கால நிக்கேக்க எனக்கு என்ன நடந்தது தெரியுமே? வாயை மூடிக்கொண்டு நிண்டால் நெஞ்சு வெடிச்சிடும் போல கிடந்தது. முப்பது வருசமா அப்பிடித்தான். கத்தினால்தான் எனக்கு மூச்சு வரும்."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது சேர். அதுக்குத்தான் கேக்கிறன். அணி நிண்டாலும் சரி, நிக்காட்டியும் சரி, திங்கட்கிழமை பின்னேரம் பிள்ளையளைக் கூப்பிடுவம். பந்தைக் குடுத்திட்டு நாங்கள் ரெண்டு பேரும் வாய் திறக்காமல் இருப்பம். ஒரே ஒரு நாள்."

வீரகத்தி சேர் முதல்தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்கள் வாய் திறக்காட்டி, நாங்கள் எதுக்குப் பிள்ளை?"

கும்பிட்டுப் போக எல்லா பஸ்ஸும் நிற்கும் முறிகண்டிக் கோவிலடியில் பஸ்ஸை நிறுத்தியபோது ஒருவரும் இறங்கவில்லை. கிளிநொச்சி வரும் வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றபடியே வந்தாள்.