கரி பிடித்த எரிப்பான்

அறையில் இருந்தவர்கள்: மதிப்பீட்டுக் குழுவின் தலைவி, எஞ்சின் தொழிற்சாலையில் தலை நரைத்தவர், திட்டங்களை வெட்டுகிற வேகத்துக்காக எல்லோரும் கத்திரி என்று கூப்பிடுகிறவர். விமானக் கம்பெனி சார்பில் வந்து, வந்ததிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒருவர். கையில் அறைச் சாவியோடு அரசாங்கத்தின் நிதி அதிகாரி. ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அவள். அவள் கணவன். மேசை நடுவில், துணி விரித்த தட்டில், பளபளவென்று ஓர் எரிப்பான்.

விமானம் விடுகிற புகையைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வந்த மூவரும் விமானத்தில்தான் வந்து இறங்கினார்கள்.

எரிப்பான் அவளுடையது. எஞ்சினுக்குள் எண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜன் எரிந்தால் சூடு தாங்காமல் சுவர் விரிசல் விடும். விரிசல் விடாத சுவருக்காக அவள், தன் மகள் தவழ்ந்ததையும் பார்க்கவில்லை, நடந்ததையும் பார்க்கவில்லை. கணவனுடையது ஹைட்ரஜனை அடைத்து வைக்கும் தொட்டி. ஒரு நிறுவனம் ஒரு விண்ணப்பம்தான் போடலாம் என்று விதி. "வீட்லயே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று இயக்குநர் பல்லைக் காட்டினார்.

வீட்டில் பேசினார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அவன் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைக்க வந்தாலே ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று அர்த்தம்.

"ரெண்டையும் சேத்து ஒண்ணா போட்டுடலாம். உன் பர்னர், என் டேங்க்."

"தலைமை யாரு?"

"யாரா இருந்தா என்ன? எனக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை இல்லேன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவை என் பேர் முன்னாடி இருக்கட்டுமே."

"அப்புறம் என்னை ஓரங்கட்டக் கூடாது."

"உன்னை ஓரங்கட்டிட்டு நான் எங்க போவேன்? வீட்டுக்குத்தானே வரணும்!"

அவள் சிரித்துத் தொலைத்தாள்.

இன்று காலை நடைபாதையில் அவளுடைய உதவியாளன் நின்றிருந்தான். எப்போதும் கசங்கிய சட்டையில் வருகிறவன், மடிப்புக் கலையாத புதுச் சட்டையும் டையுமாக.

"என்னடா, கல்யாணமா? எனக்குச் சொல்லவே இல்லை?"

"சும்மாதான் மேடம்." கழுத்துவரை சிவந்துபோனான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கைப்பை கனத்தது. உள்ளே, மகளின் பழைய பனியனில் சுற்றி, இன்னோர் எரிப்பான். அது கன்னங்கரேலென்று கரி பிடித்திருந்தது. நிறைய ஓடி, நிறையச் சூடு குடித்தது. "காசு குடுக்க வர்றவங்க முன்னாடி அடுப்புக்கரி மாதிரி ஒண்ணை வைக்காதீங்க" என்று சொல்லிப் பளபளப்பானதைத் தட்டில் எடுத்து வைத்தவர் இயக்குநர். நேற்று மாலை அவள் இரண்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். கரி பிடித்தது கல் மாதிரி இருந்தது. பளபளப்பானதன் சுவருக்குள், வெளியே தெரியாமல், மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. வீட்டில் கணவனிடம், "ஒரு முக்கியமான விஷயம்" என்று ஆரம்பித்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாம், தூக்கம் வருது" என்று அவன் திரும்பிப் படுத்துவிட்டான். சரி, மதியம் சோதனை அறையில் குழுவுக்கு ஓட்டிக்காட்டுவதற்குமுன் மாற்றி வைத்துவிடலாம், கூட்டத்தில் அவளே விளக்கியும் விடலாம் என்றிருந்தாள்.

அதிகாரி கதவைப் பூட்டினார். மதிப்பீடு நடக்கும்போது யாரும் உள்ளே நுழையக் கூடாது, அது விதி.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வழக்கமான கேள்வி. திட்டத்துல இருக்கறவங்க யாராவது ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா?"

இயக்குநர் கூரையைப் பார்த்தார். கணவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான். அவள்தான் சிரித்தபடி சொன்னாள்: "இவர் என் வீட்டுக்காரர் சார்."

விமானக் கம்பெனிக்காரரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"அப்படின்னா ஒருத்தர் விலகணும். கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒரே திட்டத்துல சம்பளம் வாங்க முடியாது. புது விதி, போன மாசமே எல்லா நிறுவனத்துக்கும் சொல்லியாச்சே."

"எனக்கு யாரும் சொல்லலியே," என்றாள்.

கத்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யார் விலகுறீங்கன்னு நீங்களே சொல்லுங்க. சீக்கிரம்."

அவள் கணவனைப் பார்த்தாள். தொட்டி செய்ய ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்த எரிப்பானுக்கு அவள் ஒருத்திதான். அது அவனுக்குத் தெரியாததில்லை.

"அவங்க விலகிக்குவாங்க மேடம்," என்றான் கணவன். "பொண்ணு சின்னவ. அவங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்."

அவன் வாயிலிருந்து அவள் 'அவங்க' ஆனது அதுதான் முதல் தடவை.

"பர்னரை யார் பாத்துக்குவாங்க?"

"ஆள் ரெடியா இருக்கார் மேடம்," என்று இயக்குநர் முந்திக்கொண்டார். எதிர்த்துப் பேசாத ஆட்களாகப் பார்த்துப் பொறுக்குவதில் அவர் கெட்டிக்காரர். அதிகாரி பூட்டைத் திறந்தார். புதுச் சட்டையும் டையுமாக உதவியாளன் உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவள் எழுந்திருக்கக் காத்திருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. போன மாதமே இவர்களுக்குத் தெரியும். பாத்திரம் துடைத்தபோதே தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்து, அவள் ஒருத்திதான் மாங்கு மாங்கென்று விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்தாள். உதவியாளன் உட்கார்ந்தான். நாற்காலியின் சூடுகூட ஆறியிருக்காது.

கத்திரி எரிப்பானைக் கையில் எடுத்து அவனிடம் நீட்டினார். "மதியம் ஓட்டிக்காட்டப் போறது இதைத்தானே? உள் விரிசல் இருக்கான்னு பாத்தீங்களா?"

"பாத்தாச்சு மேடம்," என்றான் உதவியாளன். "ஒரு கீறல் இல்லை."

அவன் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் தன் டையைத்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றாள் அவள்.

"நீங்க இப்போ வெளி ஆளும்மா," என்றார் அதிகாரி. "திட்டத்தைப் பத்தி நீங்க இங்க வாயைத் திறந்தா விண்ணப்பமே ரத்தாயிடும்."

கணவன் பதறி எழுந்து அவள் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்தி, "கெடுத்துடாத. கிளம்பு, ப்ளீஸ்," என்றான்.

"உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். நேத்து சொல்ல வந்ததுதான்."

"எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கலாம்."

"இப்பவே சொல்லணும்."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

"நிச்சயமா வேண்டாமா?"

"உன் காலைப் பிடிக்கட்டுமா இப்போ?"

அவள் அந்தப் பளபளப்பான எரிப்பானைப் பார்த்தாள். மதியம் எல்லோரும் தடித்த கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்பார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது. சூடு ஏற ஏற அந்த மயிரிழை வாய் பிளக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீ நாக்கை நீட்டும், கத்திரி பேனாவை மூடிவிட்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறுவார். கணவனுக்கு மூன்றாவது தடவையும் இல்லை. எரிப்பான் என்ற பேச்சையே இனி யாரும் எடுக்க மாட்டார்கள். அவள் உழைப்பும் அதோடு சாம்பல்தான். கணக்குப் போட்டுப் பார்த்தாள். பரவாயில்லை என்று தோன்றியது.

"சரிங்க," என்றாள். "நல்லா பண்ணுங்க."

கைப்பையைத் தோளில் மாட்டினாள். பனியனுக்குள் இருந்தது விலாவில் இடித்தது. இயக்குநர் எழுந்து, "உங்க பெரிய மனசு யாருக்கும் வராது" என்று கும்பிட்டார். உதவியாளன் மேசையைப் பார்த்தபடி, "தேங்க்ஸ் மேடம்," என்றான்.

"டை கோணலா இருக்குடா," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

அதிகாரி கதவைச் சாத்தினார். அவள் முதுகுக்குப் பின்னால் சாவி திரும்பியது.